விசிறி இல்லாத வி

லீட்ஸ், 14.10.1994

ஞானம்,

பொதியை அவிழ்த்தவுடன் என்னைத் திட்டுவீர் என்று தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே வாசியும். உள்ளே இருநூற்று எழுபத்தொரு தாள்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நீர் அளந்து தரவேண்டும்.

நான் பார்க்கிற விண்மீன் மண்டலம் மிகச் சின்னது. அதற்குள் பெரிய விண்மீன்கள் வெடித்துச் சாகும்போது சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுகின்றன. பெரிய மண்டலமென்றால் அதன் ஈர்ப்பு வாயுவைப் பிடித்து இழுத்துவிடும். குட்டி மண்டலத்துக்கு அந்தப் பலம் இல்லை. தள்ளப்பட்ட வாயு ஒரேயடியாகப் போய்விடுகிறதா, திரும்ப உள்ளே விழுகிறதா என்பதுதான் என் ஆய்வு. போய்விட்டால் அங்கே இனிப் புது விண்மீன் பிறக்க வழியில்லை.

ஒவ்வொரு தாளிலும் மண்டலத்தின் ஓர் இடத்திலிருந்து வந்த ஒளியின் வரைபு இருக்கிறது. நடுவில் நிற்கிற பெரிய மேடு மண்டலத்துடையது. அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சின்ன மேடு, ஓடுகிற வாயுவுடையது. அது இடப்பக்கம் இருந்தால் வாயு எங்களை நோக்கி வருகிறது. வலப்பக்கம் இருந்தால் எங்களை விட்டு விலகுகிறது. இதையெல்லாம் உமக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. இரண்டு மேட்டுக்கும் இடைத்தூரத்தை மில்லிமீற்றரில் அளந்து, பக்கத்தில் வருவதற்கு ‘வ’ என்றும் விலகுவதற்கு ‘வி’ என்றும் எழுதும். கணினி இந்தச் சின்ன மேடுகளைக் கோட்டைவிடுகிறது. உம்முடைய கண் விடாது.

கூட்டல், கழித்தல் அடையாளம் போட வேண்டாம். மூன்றாம் வருடச் செய்முறைப் பரீட்சையில் குறியை மாற்றிப் போட்டுவிட்டு நீர் அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

இங்கே இப்போதே குளிர். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

சிவபாலன்

•

பலேர்மோ, 6.11.1994

அன்புள்ள உங்களுக்கு,

செய்முறைப் பரீட்சையில் குறியை மாற்றிப் போட்டவர் நீங்கள். நாங்கள் இருவரும் ஒரே மேசை என்பதால் அழுதது நான். முதலாம் வகுப்பு எனக்கும் இரண்டாம் வகுப்பு உங்களுக்கும் வந்த பிறகும் உங்களுக்கு இது மறந்துபோவது ஆச்சரியம்தான்.

அளக்கத் தொடங்கிவிட்டேன். மத்தியானம் வேலை வீட்டுக் கிழவி, சிஞ்ஞோரா, சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாலு மணிவரை எழும்ப மாட்டா. அந்த நேரம் குசினி மேசை என்னுடையது. அவவின் செத்துப்போன கணவர் முத்திரை பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கேட்டேன், தந்துவிட்டா. மேல்வீட்டில் வேலை செய்கிற மன்னார்ப் பெண் றோசமலர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்கட மனுசன் காசு அனுப்பாம ஹோம்வேர்க் எல்லோ அனுப்பியிருக்கிறார்” என்றாள். சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஒரு விஷயம். வ-வும் வி-யும் வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் மேலே இருக்கிற அந்த ஒரு விசிறிதான். மெல்லிய தாளில் குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் விசிறி அடுத்த வரியில் போய் ஒட்டும். இடம், வலம் என்று எழுதுகிறேனே?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது. கட்டுரை அச்சாகும்போது என் பெயரும் இருக்கவேண்டும். சிஞ்ஞோராவின் மருமகள் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறா. என்னுடைய பட்டச் சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுப்போய் இருப்பதைச் சொன்னேன். பதிவாளருக்கு நாலு கடிதம் போட்டும் பதில் இல்லை என்றும் சொன்னேன். “சான்றிதழ் இல்லாவிட்டால் அச்சில் வந்த ஒரு வேலையாவது காட்டு, உன் பெயரோடு. நான் துறையில் கதைக்கிறேன்” என்றா. எனக்கு முப்பத்தொரு வயது. இன்னொருவரின் கழிவறையை முப்பத்திரண்டிலும் கழுவ எனக்கு விருப்பமில்லை. நீங்கள் முதலில் போய்ப் படிப்பது, பிறகு நான் என்று இரண்டு பேரும் இருந்துதானே முடிவெடுத்தோம்.

ஞானம்பிகை

•

லீட்ஸ், 20.1.1995

ஞானம்,

வ, வி என்றே எழுதும். நான் அதற்கேற்ப நிரல் எழுதிவிட்டேன். இனி மாற்றினால் குழப்பம். விசிறியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் போயிற்று. இதற்கெல்லாம் ஒரு பக்கம் எழுதுவீரா?

பெயர் போடாமல் விடுவேனா? பாதி வேலை உம்முடையது. பேராசிரியரிடமும் சாடையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் கதையை இனி எழுத வேண்டாம். பலேர்மோவில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் இருக்கிற அந்த ஐந்துமாடிக் கட்டடத்தின் படிகளை மூன்று வருடம் நானும் துடைத்தவன். கீழே நின்று காறித் துப்பிவிட்டு மேலே ஏறிப் போன ஆட்களின் முகம் எல்லாம் எனக்குத் தெரியும். வகுப்பு அங்கே யாருக்கும் உதவவில்லை.

கடைசித் தாள்களை இத்துடன் அனுப்புகிறேன், நாற்பத்தொன்று. மண்டலத்தின் வடக்கில் தனியாக நிற்கிற ஒரு வாயு முகில். எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. கவனமாகப் பாரும்.

சிவபாலன்

•

பலேர்மோ, 2.3.1995

அன்புள்ள உங்களுக்கு,

வடக்கு முகில் முடிந்தது. நாற்பத்தொரு தாளையும் இரண்டு முறை அளந்தேன். நாற்பத்தொன்றிலும் சின்ன மேடு ஒரே பக்கம். ஒன்றுகூட மாறவில்லை. இருபத்தேழாம் தாளில் மேடு இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நாள் எனக்குள் சண்டை. பிறகு யன்னலோரம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தபோது தெரிந்தது. அன்றைக்கு இஸ்திரிப்பெட்டியை மறந்து சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பைக் கருக்கிவிட்டேன். ஏச்சு வாங்கினேன். ஏச்சு ஒன்றும் உறைக்கவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு என்னுடைய மூளை என்னோடு கதைக்கிறது, அதுதான் காரணம்.

முகில் மண்டலத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. அது தெரியாமல் வாயு தப்பிப் போகிறதா, திரும்பி விழுகிறதா என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்தவுடன் முதலில் எனக்கு எழுதுங்கள். உங்கள் பேராசிரியருக்குக்கூடப் பிறகு சொல்லலாம்.

எழுதினதையெல்லாம் கரித்தாள் வைத்துப் பிரதி எடுத்திருக்கிறேன். பழைய பழக்கம்.

உங்களை நினைக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஞானம்பிகை

•

லீட்ஸ், 18.11.1995

ஞானம்,

இவ்வளவு காலம் எழுதாததற்குக் கோபிக்க உமக்கு உரிமை இருக்கிறது. யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது என்று கேட்டதிலிருந்து எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. உம்முடைய ஆட்கள் வன்னிக்குள் போய்விட்டார்கள் என்று நண்பர் ஸ்ரனிஸ்லாஸ் தொலைபேசியில் சொன்னார்.

கட்டுரை வந்துவிட்டது. வடக்கு முகில் மண்டலத்துக்குப் பின்னால் நிற்கிறது, அதன் ஒளி மண்டலத்தின் தூசிக்குள்ளால் வருவதால் அது தெரியும். பின்னால் நிற்கிற முகில் எங்களை நோக்கி வருகிறது என்றால், மண்டலத்துக்குள் திரும்பி விழுகிறது என்றுதானே பொருள். குட்டி மண்டலங்கள் வாயுவை இழந்துவிடும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, இல்லை, போனது திரும்பி வருகிறது என்று நாங்கள் காட்டியிருக்கிறோம். மாநாட்டில் இதை வாசித்தபோது அரங்கத்தில் கை தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்கு யாரும் கை தட்டினதில்லை.

பெயர் விஷயம். துறையில் இல்லாத ஒருவரின் பெயரைப் போட்டால் கேள்வி வரும் என்று பேராசிரியர் சொன்னார். நான் வாதாடவில்லை என்று நினைக்காதேயும். கடைசியில் நன்றியுரையில் சேர்த்திருக்கிறேன்: “என் மனைவியின் பொறுமைக்கு நன்றி.” அடுத்த கட்டுரையில் பார்ப்போம்.

சிவபாலன்

•

பலேர்மோ, 28.3.1996

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கட்டுரையை அனுப்புவீர்கள் என்று நாலு மாதம் பார்த்துவிட்டு, நானே போய்ப் பார்த்தேன். சிஞ்ஞோராவின் மருமகள் தன் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. வேலைக்குப் போடுகிற சட்டையோடு போகக்கூடாது என்று வியா மக்வேதா கடைத்தெருவில் ஒரு சட்டை வாங்கி உடுத்துப் போனேன். இதழை விரித்துவைத்துத் தலைப்பின் கீழே என் பெயரைத் தேடினா. அடிக்குறிப்பில் தேடினா. கடைசிப் பக்கத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்து, “இந்த மனைவி நீதானா?” என்று கேட்டா. ஓம் என்றேன். இதழை மூடி வைத்துவிட்டு, நேரம் போய்விட்டது என்றா. இனி யாழ்ப்பாணத்திலிருந்து எந்தக் கடதாசியும் வராது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவ போன பிறகும் நான் இருந்து வாசித்தேன். அட்டவணையை மேலிருந்து கீழே மூன்று தரம் பார்த்தேன். வடக்கு முகில், நாற்பத்தொரு வரி. எல்லாம் நன்றாக அச்சாகியிருக்கிறது. ஒரு குறையும் எழுத மனம் வரவில்லை.

ஆனியில் கலாநிதிப் பட்டத்துக்கான நேர்முகம் என்று கேள்விப்பட்டேன். பயப்படாமல் போய் இருங்கள். போன வாயு திரும்பி வருகிறது என்று உறுதியாகச் சொல்லுங்கள். தடுமாற வேண்டாம்.

உங்களுடைய பொறுமையான மனைவி,
ஞானம்பிகை

•

லீட்ஸ், 9.11.1996

என் அன்பான ஞானம்,

கலாநிதிப் பட்டம் கிடைத்ததையும் இரண்டு வருட வேலை தந்திருப்பதையும் தொலைபேசியில் சொன்னேன். நீர் தொலைபேசியை வைத்துவிட்டீர். இன்றைக்கு அதைப் பற்றி எழுதவில்லை.

சிலியில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிற ஒரு குழு எங்களுடைய மண்டலத்தையே பார்த்திருக்கிறது. வடக்கு முகில் எங்களை நோக்கி வரவில்லை, விலகிப் போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஓடிப்போய் மூலத் தரவுகளைப் பார்த்தேன். அவர்கள் சொல்வது சரி. பிறகு உம்முடைய தாள்களை எடுத்தேன். நீர் எழுதியது வி. விசிறி மெலிதாக இருந்திருக்கிறது, அல்லது நான் அவசரத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். நாற்பத்தொரு வி-யும் வ-வாக உள்ளே போய்விட்டது. வாயு திரும்பவில்லை, ஞானம். போகிறது.

பேராசிரியருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டச்சுப் பிழை என்னுடையது என்று தெரிந்தால் இந்த வேலை தங்காது. நான் திரும்பவும் துடைப்பத்தோடு அந்தப் படியில் நிற்கவேண்டி வரும். என்னால் ஏலாது. ஆகவே உம்மிடம் ஒன்று கேட்கிறேன். அளக்கும்போது திசையை மாற்றி எழுதிவிட்டேன் என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி அனுப்பும். உமக்கு இழக்க இந்தத் துறையில் ஒன்றுமில்லை, எனக்கு எல்லாமே இதுதான். யோசித்துப் பாரும்.

உம்மை இங்கே எடுப்பதற்கான விசாப் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். உம்முடைய நாலு வரி வந்தவுடன் அனுப்புவேன்.

என்றும் உம்முடைய,
பாலன்

•

பலேர்மோ, 30.11.1996

சிவபாலன்,

பல்கலைக்கழகத்தில் உம்மை ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டேன். தாலி ஏறிய நாளிலிருந்து நீங்கள், உங்களுக்கு, அன்புள்ள என்று எழுதி எழுதி என் கை வளைந்துபோயிற்று. இனி நீர்தான்.

உம்முடைய கடிதத்தை றோசமலருக்கு வாசித்துக் காட்டினேன். “அக்கா, செய்யிறதையும் செய்துபோட்டு உங்களையே கையெழுத்து வைக்கச் சொல்லுறாரோ? இந்தாள் பாவசங்கீர்த்தனத்துக்கும் உங்களையே அனுப்புவார்” என்றாள்.

நான் உமக்கு ஒன்று சொல்லட்டுமா? எனக்கு இது எட்டு மாதமாகத் தெரியும். அன்றைக்கு அந்த நூலகத்தில் இருந்து அட்டவணையை மூன்று தரம் பார்த்தேன் என்று எழுதினேனே, ஏன் மூன்று தரம் என்று உமக்குக் கேட்கத் தோன்றவில்லை. முதல் தரம் நம்பவில்லை. இரண்டாம் தரம் என் கரித்தாள் பிரதியை ஒவ்வொரு வரியாக ஞாபகப்படுத்தினேன். மூன்றாம் தரம் சந்தோஷத்தோடு பார்த்தேன். நாற்பத்தொரு பிழை, ஒன்று குறையவில்லை. வீட்டுக்கு வந்து பிரதியை எடுத்தும் பார்த்தேன். ஒவ்வொரு வி-க்கும் விசிறி இருக்கிறது, பெரிதாக, நீர் சொன்னபடி.

உமக்கு எழுதியிருக்கலாம். உம்முடைய நேர்முகத்துக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு முத்திரை ஒட்டினால் போதும். நான் எழுதவில்லை. நீர் போய் அந்தப் பிழையின் மேல் ஏறி நின்று கதைக்கவேண்டும் என்று விரும்பினேன். தடுமாற வேண்டாம் என்று எழுதினதும் அதற்காகத்தான். உமக்குப் பட்டம் கிடைத்தது என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்கத்தான் வைத்தேன். இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

எங்கள் ஊரில் போகிறவனும் வாறன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். நேப்பிள்ஸ் கப்பலில் ஏறும்போது துறைமுகத்தில் நீரும் அப்படித்தான் சொன்னீர். வருகிறதற்கும் விலகுகிறதற்கும் உமக்கு அப்போதே வித்தியாசம் தெரியாது.

விசாப் படிவத்தை நீரே வைத்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது இரண்டு வருடமாக ஒன்றுதான். திருத்தம் என்று ஒன்று அச்சில் வரத்தானே வேண்டும். அதில் என் பெயர் இருக்கவேண்டும். வடக்கு முகிலை அளந்தவள் ஞானம்பிகை என்று, முழுப்பெயரோடு. இல்லாவிட்டால் என் பிரதியை உம்முடைய பேராசிரியருக்கு நேரே அனுப்புவேன். நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பார்ப்பேன்.

ஞானம்பிகை

•

லீட்ஸ், 22.2.1997

ஞானம்பிகைக்கு,

கொஞ்சம் பிந்திவிட்டது. அச்சுப்படி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உம்முடைய கார்த்திகைக் கடிதத்தை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் அது எவ்வளவு உதவியான கடிதம் என்று விளங்கியது. நான் கேட்ட நாலு வரியைவிட நல்லதாக எழுதியிருந்தீர். அதைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். எட்டு மாதமாகத் தெரியும், எழுதவில்லை, சந்தோஷத்தோடு பார்த்தேன் என்ற இடங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மற்றப் பகுதிகள் குடும்ப விஷயம் என்றேன். இந்தக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருவன்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார். இப்படி ஒரு மனைவியோடு எப்படி வேலை செய்தாய் என்று கேட்டார். என் வேலை இருக்கிறது. இன்னொரு வருடம் கூட்டித் தரவும் போகிறார்கள்.

நத்தார் போயும் உம்முடைய பிரதி இங்கே வரவில்லை, இனியும் அனுப்ப விரும்பினால் தாராளமாக அனுப்பும். விசிறி பெரிதாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். வ-வையும் வி-யையும் அவருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டப் போகிறவன் நான்.

நீர் கேட்டது ஒன்றுதான், அதைச் செய்திருக்கிறேன். அடுத்த இதழில் ‘திருத்தம்’ என்ற தலைப்பில் ஆறு வரி வருகிறது. உமக்காகத் தமிழில் தருகிறேன்:

“வடக்கு முகிலின் நாற்பத்தொரு அளவீடுகளையும் செய்தவர் திருமதி ஞானம்பிகை சிவபாலன். வாயு ஓடும் திசையை அவர் தவறாகக் குறித்திருந்ததால் எங்கள் முடிவு பிழையாகிவிட்டது. அவருடைய அளவீடுகள் அனைத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் கணித்திருக்கிறோம். வாயு மண்டலத்தை விட்டு வெளியேறுகிறது. முகில் பின்புறம் நிற்கிறது என்ற எங்கள் கணிப்பில் மாற்றம் இல்லை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.”

அச்சுப்படியை நானே மூன்று தரம் பார்த்தேன். உம்முடைய பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. பிரதி அனுப்பவில்லை. சித்திரை மாதம் அந்த நூலகத்துக்கே இதழ் வரும். சிஞ்ஞோராவின் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்.

சிவபாலன்